பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு: நகரத்தில் அன்றாட வாழ்க்கை, வீடு, மறுகட்டுமானம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் ஆடி ஓய்ந்த இரண்டாம் நாளிலிருந்து புது வீட்டுக்குத் தூண் எழுப்பும் நாள் வரை மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இன்னொரு முறை ஆடும் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் எழுதியிருக்கிறோம்.

பின்னதிர்வுகள் எத்தனை நாள் வரும்?

மாதக்கணக்கில் வரும். சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும் வரும். ஆனால் எண்ணிக்கை வேகமாகக் குறையும். ஜப்பானிய அறிஞர் ஓமோரி 1894-இல் கண்டுசொன்ன விதி இன்றும் பொருந்துகிறது: முதல் நாள் நூறு அதிர்வுகள் வந்தால் பத்தாம் நாள் ஏறக்குறைய பத்து, நூறாம் நாள் ஒன்று. மிகப் பெரிய பின்னதிர்வு, முதன்மை நிலநடுக்கத்தைவிடச் சராசரியாக 1.2 அளவு குறைவாக இருக்கும்.

இது சராசரிக் கணக்கு மட்டுமே. எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொன்றின் வலுவும் குறைகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-இல் 7.8 அளவு, மே 12-இல் 7.3. துருக்கியில் 2023 பிப்ரவரி 6-இல் 7.8 வந்து ஒன்பது மணி நேரத்தில் 7.5. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் வந்த 7.1 அளவு நடுக்கத்தில் உயிர்ச்சேதம் பெரிதாக இல்லை. ஐந்து மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22-இல், அதைவிடச் சிறிய நடுக்கம் நகரத்துக்கு மிக அருகில், ஆழம் குறைவான இடத்தில் வந்தது. 185 பேர் இறந்தார்கள். எவ்வளவு பெரியது என்பதோடு, எவ்வளவு பக்கத்தில் என்பதும் சேர்ந்துதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது.

பொறியாளர் வரும்வரை வீட்டுக்குள் போகலாமா?

முதலில் வெளியே நின்று கட்டடத்தை ஒரு சுற்று பாருங்கள். சுவரை ஒட்டி நடக்காதீர்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, சன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் தளம் ஆகியவைதான் சின்னப் பின்னதிர்வுக்கே விழுபவை. பக்கத்து வீடு உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால், உங்கள் வீடு நன்றாக இருந்தாலும் போகக் கூடாது.

அடுத்து, தொலைவில் நின்று ஒரு தூக்குக்குண்டை (நூலில் தொங்கவிட்ட எடை) கண்ணுக்கு நேரே பிடித்துக் கட்டடத்தின் மூலை விளிம்போடு ஒப்பிடுங்கள். நூலும் விளிம்பும் விலகுவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு தளம் மட்டும் சாய்ந்து மற்றவை நேராக இருந்தால் இன்னும் மோசம். அந்தத் தளத்தின் தூண்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். தரை பிளந்திருக்கிறதா, அடிமட்டத்தைச் சுற்றி மண் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நேற்றுவரை நன்றாகத் திறந்த கதவு இன்று நிலையில் இறுகி நின்றால், அதைத் தோளால் இடித்துத் திறக்க வேண்டாம். நிலை சதுரம் தவறியிருக்கிறது; மேலிருக்கும் சுவரை அந்தக் கதவே தாங்கிக்கொண்டிருக்கலாம்.

பச்சை அட்டை ஒட்டிவிட்டார்கள். இனிப் பயமில்லையா?

பல நாடுகளில் அவசர ஆய்வுக்குப் பின் மூன்று நிற அட்டை ஒட்டுவார்கள். சிவப்பு என்றால் நுழையக் கூடாது. மஞ்சள் என்றால் ஒரு பகுதிக்கு மட்டும், அல்லது குறைந்த நேரத்துக்கு மட்டும் அனுமதி. பச்சை என்றால் ‘பார்த்தவரை புதிய ஆபத்து எதுவும் தெரியவில்லை’.

அந்தப் ‘பார்த்தவரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும் கண்பார்வை ஆய்வு. பூச்சுக்குள், பொய்க்கூரைக்கு மேல், படிக்கட்டுக்கு அடியில் என்ன நடந்திருக்கிறது என்று அதில் தெரியாது. கிறைஸ்ட்சர்ச்சின் சி.டி.வி. (கேன்டர்பரி தொலைக்காட்சி) கட்டடத்துக்கு 2010 செப்டம்பர் நடுக்கத்துக்குப் பிறகு பச்சை அட்டைதான் கிடைத்தது. 2011 பிப்ரவரியில் அது இடிந்து 115 பேர் இறந்தார்கள். அந்த நகரத்தின் மொத்த உயிரிழப்பில் பாதிக்கும் மேல் ஒரே கட்டடத்தில். அதன் வடிவமைப்பிலேயே இருந்த குறைகளைக் கண்பார்வை ஆய்வு காட்டியிருக்காது.

ஆகவே பச்சை அட்டை இருந்தாலும், கட்டட வரைபடத்தோடு பொறியாளர் செய்யும் விரிவான ஆய்வைக் கேட்டு வாங்குங்கள். வலுவான பின்னதிர்வு ஒன்று வந்தால் பழைய அட்டையின் மதிப்பு அத்தோடு முடிந்தது; மறு ஆய்வு வேண்டும்.

எந்த விரிசல் ஆபத்து, எது சாதாரணம்?

பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழை விரிசல்கள் கட்டடத்தின் பலத்தைக் குறைப்பதில்லை. தூணுக்கும் செங்கல் சுவருக்கும் இடையில் சட்டம் போட்டதுபோல ஓடும் விரிசலும் மிகச் சாதாரணம். தூண்கள் ஆடின, சுவரால் அவற்றோடு சேர்ந்து ஆட முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அப்படிப் பிரிந்த சுவர் அடுத்த நடுக்கத்தில் மொத்தமாகச் சாயலாம். அதன் ஓரம் கட்டில் போடாதீர்கள்.

சுவரில் பெருக்கல் குறி போன்ற விரிசல் ஏன் வருகிறது? கட்டடம் வலப்பக்கம் தள்ளப்படும்போது ஒரு மூலைவிட்டம் பிளக்கிறது, இடப்பக்கம் தள்ளப்படும்போது இன்னொன்று. தூண்கள் தாங்கும் கட்டடத்தில் இந்த விரிசல் சுவரோடு நின்றால் பழுதுபார்த்துவிடலாம். சுவரே பாரம் தாங்கும் கட்டடத்தில் இது நேரடி ஆபத்து.

தூணில் வரும் விரிசலை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். மேல், கீழ் முனைகளில் படுக்கையாக ஓடும் மெல்லிய கோடு வளைவினால் வந்தது. சாய்வாக, குறுக்கே வெட்டியதுபோல ஓடும் விரிசல்தான் எமன். அது முன்னறிவிப்பில்லாமல் உடையும் வகை. கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, கம்பி வெளிப்பக்கம் புடைத்திருந்தாலோ, தூணும் உத்திரமும் சேரும் மூட்டில் விரிசல் இருந்தாலோ அன்றே வெளியேறுங்கள். ஏ.டி.எம். அட்டையின் கனம் சுமார் முக்கால் மில்லிமீட்டர். தூண் விரிசலுக்குள் அது நுழைந்தால் யாருடைய கருத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

விரிசல் வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் சின்னக் கூட்டல் குறி போட்டு, இடைவெளியை அளந்து, பக்கத்திலேயே தேதியோடு எழுதுங்கள். விரிசல் முடியும் நுனியிலும் ஒரு கோடு போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்; காலைக்கும் நண்பகலுக்கும் வெயிலிலேயே சுவர் விரிந்து சுருங்கும். மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிவைப்பது பழைய முறை, நல்ல முறை: சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சு மட்டும் நகர்ந்து ஏமாற்றும். சுரண்டிவிட்டுச் செங்கல் மேலேயே ஒட்டுங்கள்.

எரிவாயு, மின்சாரம்?

வாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் பொறி வரும். வால்வை மூடி, சன்னலைத் திறந்து, வெளியேறுங்கள். குழாய்வழி எரிவாயுவை மூடிய பிறகு நீங்களாகத் திறக்கக் கூடாது. நிறுவனத்தின் ஆள் குழாயில் அழுத்தச் சோதனை செய்த பிறகே திறக்க வேண்டும். சிலிண்டர் என்றால் ரெகுலேட்டரிலும் குழாயிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

மின்சாரம் போயிருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்து, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். 1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபேயைத் தாக்கிய நிலநடுக்கத்தில், மின்சாரம் திரும்பி வந்தபோது பற்றிய தீக்கள் பல. ஹீட்டர் கவிழ்ந்து துணிமேல் கிடக்கும், வீட்டில் ஆள் இருக்காது, மின்சாரம் வரும். நசுங்கிய வயர்களும் அப்படித்தான்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ வைக்காதீர்கள். சன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. சுவர்ப் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகி வீடு முழுவதும் மின்சாரம் ஓட்டினால், அது கம்பத்துக்கும் ஏறி, பழுதுபார்க்க வந்த ஊழியரைக் கொன்றுவிடும்.

எது எப்போது திரும்பி வரும்?

கோபேயில் மின்சாரம் ஒரு வாரத்துக்குள் மீண்டது. எரிவாயுவும் தண்ணீரும் முழுதாக மீள ஏப்ரல் ஆயிற்று. கம்பி கண்ணுக்குத் தெரியும். குழாய் மண்ணுக்குள் நூறு இடத்தில் உடைந்திருக்கும், ஒன்றை அடைத்து அழுத்தம் ஏற்றினால்தான் அடுத்த கசிவு தெரியும். தண்ணீருக்கும் சமையலுக்கும் மூன்று மாதத் திட்டம் போடுங்கள்.

குடிநீரை எப்படிச் சுத்தம் செய்வது?

குழாயில் தண்ணீர் வந்தாலும் நம்ப வேண்டாம். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் உடைந்திருக்கும். கொதிக்கவைப்பதே சிறந்தது: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் மூன்று நிமிடம்.

எரிபொருள் இல்லையென்றால், மணமோ நிறமோ சேர்க்காத வீட்டு ப்ளீச்சிங் திரவம், 5 முதல் 6 விழுக்காடு குளோரின் உள்ளது, லிட்டருக்கு 2 சொட்டு. 20 லிட்டர் குடத்துக்கு 40 சொட்டு, அதாவது 2 மில்லி. தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, அளவை இரட்டியாக்குங்கள். கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். லேசான குளோரின் வாடை இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு. இதில் பலர் தவறுவது இரண்டு இடத்தில்: ஓராண்டுக்கு மேல் பழைய புட்டி (வீரியம் போயிருக்கும்), கலங்கல் நீரை வடிகட்டாமல் விடுவது (மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும்). பெட்ரோலோ ரசாயனமோ கலந்த தண்ணீரை இந்த இரண்டு முறையுமே காப்பாற்றாது.

வீட்டிலேயே மறந்துபோன ஒரு சேமிப்பு உண்டு: வென்னீர்க் கலன். மின்சாரத்தையும் வாயுவையும் அணைத்து, உள்வரும் குழாயை மூடி, ஆறியபின் அடியிலுள்ள குழாய்வழி வடியுங்கள். குடிக்க, சமைக்க, கைகழுவ என்று ஆளுக்கு ஒரு நாளுக்கு 15 லிட்டர் என்பதே முகாம்களுக்கான பன்னாட்டுக் குறைந்தபட்ச அளவு. வெறுமனே உயிர் தரிக்க 3 லிட்டர்.

கழிப்பறையைப் பயன்படுத்தலாமா?

சாக்கடைக் குழாய் முழுதாக இருக்கிறது என்று உறுதியாகும்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். நீங்கள் ஊற்றுவது உங்கள் வீட்டு அடியிலோ, தாழ்வான பகுதியில் இருப்பவர் வீட்டுக்குள்ளோ போய் நிற்கும்.

இரண்டு வாளி முறை வேலை செய்கிறது. மூடியுள்ள 15 முதல் 20 லிட்டர் வாளிகள் இரண்டு: ஒன்று சிறுநீருக்கு, ஒன்று மலத்துக்கு. இரண்டையும் கலப்பதுதான் நாற்றத்துக்கும் ஈக்கும் காரணம். பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மல வாளியின் அடியில் நான்கு விரற்கடை மரத்தூளோ காய்ந்த இலையோ கிழித்த தாளோ போடுங்கள். ஒவ்வொரு முறையும் மேலே முழுவதும் மூடும்படி ஒரு கை அள்ளிப் போடுங்கள். ஆறிய சாம்பலும் நன்றாக வேலை செய்யும். ஈரம் தெரிந்தால் தூள் போதவில்லை. சிறுநீரைத் தண்ணீர் கலந்து மண்ணில் ஊற்றலாம். புதைப்பதாக இருந்தால் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப் புதையுங்கள். பக்கத்திலேயே கைகழுவும் நீரும் சோப்பும் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு பரவுவது இங்கிருந்துதான்.

தெருவெல்லாம் சாம்பல் நிறச் சேறு பொங்கியிருக்கிறது. அது என்ன?

மண் திரவமாதல். தளர்வான மணல் நிலத்தடி நீரில் ஊறியிருக்கும்போது ஆட்டினால், மணிகள் ஒன்றையொன்று தாங்குவது விட்டுப்போய், இடையிலிருக்கும் நீர் பாரத்தைச் சுமக்கிறது. அந்த நீர் மணலோடு பிய்த்துக்கொண்டு மேலே வருகிறது. மேலிருக்கும் வீடு இறங்கும், புதைந்த தொட்டி மிதந்து எழும்பும்.

சேற்றில் சாக்கடை கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே கையாளுங்கள்: பூட்ஸ், கையுறை. காய்ந்தால் தூளாகப் பறக்கும், அப்போது முகக்கவசம் வேண்டும், லேசாகத் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். மழைநீர் வாய்க்காலில் தள்ளாதீர்கள். அடுத்த மழைக்குத் தெரு முழுகும். ஒரு முறை பொங்கிய நிலம் மறுபடியும் பொங்கும், எனவே வீட்டை அதே இடத்தில் கட்டுவதற்கு முன் மண் ஆய்வு கட்டாயம். கிறைஸ்ட்சர்ச் பகுதியில் மீட்க முடியாத நிலம் என்று அரசு அறிவித்து, சுமார் 8,000 வீடுகளை விட்டு மக்கள் போக வேண்டியிருந்தது.

குளிர்ப்பெட்டியில் இருப்பது?

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். முதலில் கெடுவதை முதலில் சமையுங்கள்.

இரவில் எங்கே, எப்படிப் படுப்பது?

அலமாரி, சட்டம் போட்ட படம், கண்ணாடி விழாத இடத்தில். மூடிய செருப்பையும் டார்ச்சையும் ஒரு பையில் போட்டுக் கட்டில் காலில் கட்டிவையுங்கள். தரையில் வைத்தால் ஆட்டத்தில் ஓடிவிடும். இருட்டில் கண்ணாடித் துண்டை மிதிப்பது மிகச் சாதாரணமான காயம். ஆட ஆரம்பித்தால் குனிந்து, மேசைக்கடியில் ஒதுங்கி, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் தலையணையால் தலையை மூடி அங்கேயே இருங்கள். படிக்கட்டுக்கு ஓடாதீர்கள்.

இடிபாட்டை நாமே அகற்றலாமா?

அகற்றுவதற்கு முன் படம் எடுங்கள்: ஒவ்வொரு அறையும் நான்கு மூலையிலிருந்து, பிறகு ஒவ்வொரு விரிசலும் பக்கத்தில் அளவுகோல் வைத்து. காப்பீட்டுக்கோ அரசு உதவிக்கோ அதுவே சாட்சி. வாரிக் கொட்டிய பிறகு நிரூபிக்க வழியில்லை.

என்-95 முகக்கவசம், தடித்த கையுறை, ஆணி ஏறாத அடிப்பகுதியுள்ள காலணி. அழுக்குக் காயம் பட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போடுங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகளை உடைக்கவோ அறுக்கவோ கூடாது; நனைத்து, முழுதாக எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றித் தனியே வையுங்கள். அதன் இழை பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றாக வரும்.

முழுச் செங்கல்லைச் சுரண்டி மறுபடி பயன்படுத்தலாம். இடிபாட்டிலிருந்து உருவிய கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்தித் தூணில் போடாதீர்கள். ஒரு முறை வளைந்து நிமிர்ந்த கம்பி அந்த இடத்தில் விறைத்துப்போயிருக்கும்; அடுத்த ஆட்டத்தில் அங்கேயே அறும்.

தற்காலிகக் குடியிருப்பில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பழைய தெருக்காரர்களோடு சேர்ந்து இருக்கும் உரிமையை. கோபேயில் முதியவர்களுக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத புறநகர் வரிசைகளில் தனியே இறந்து நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர்கள் பலர். கூரையைப் போலவே பக்கத்து வீட்டாரும் தேவை. இடத்தைப் பொறுத்தவரை ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி, 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பவை குறைந்தபட்சம். இரவில் கழிப்பறை வழியில் விளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விரிசலைப் பூசி அடைத்துவிட்டால் போதாதா?

போதாது, கெடுதலும் கூட. பூசினால் விரிசல் மறையும், பலம் வராது. அடுத்து வரும் ஆய்வாளருக்கும் தெரியாமல் போகும். கான்கிரீட்டில் மெல்லிய விரிசலுக்கு எபாக்சி என்ற இறுகும் பசையை அழுத்தத்தில் செலுத்த வேண்டும். அகன்றதற்குச் சிமென்ட் பால். நொறுங்கிய தூணை முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, புதுக் கம்பி கட்டி, சுற்றிலும் உறை வார்க்க வேண்டும். ஒரே ஒரு தூணையோ ஒரு பக்கச் சுவரையோ மட்டும் பலப்படுத்தினால், கட்டடம் ஆடும்போது அந்தப் பக்கத்தை அச்சாக்கிக்கொண்டு முறுக்கும். எது எங்கே என்பதைப் பொறியாளர் முழுக் கட்டடத்துக்கும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

புதிதாகக் கட்டும்போது கண்ணால் பார்த்தே சரிபார்க்கக்கூடியது எது?

ரிங் கம்பியின் (தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின்) கொக்கி. கான்கிரீட் போடுமுன் தூணின் கம்பிக்கூட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். ரிங்கின் இரு முனையும் நெடுங்கம்பியைச் சுற்றி 135 டிகிரி வளைந்து, தூணின் நடுவை நோக்கி 6.5 செ.மீ.யாவது உள்ளே நீண்டிருக்க வேண்டும். பல இடங்களில் 90 டிகிரியில் மடித்து விட்டுவிடுவார்கள், கட்டுவது சுலபம். நடுக்கத்தில் தூணின் வெளித்தோல் கான்கிரீட் உதிர்ந்ததும் 90 டிகிரி முனை பிரிந்துகொள்ளும். பிடி விட்ட நெடுங்கம்பி வெளியே புடைக்கும், தூண் நசுங்கும். 135 டிகிரி முனை உள்மையத்தில் புதைந்திருப்பதால் பிரியாது.

தூணின் மேல், கீழ் முனைகளில் 45 செ.மீ. நீளத்துக்காவது ரிங்குகள் 10 செ.மீ.க்கு ஒன்று என்று நெருங்கி இருக்க வேண்டும். உத்திரமும் தூணும் சேரும் மூட்டுக்குள்ளும் ரிங் தொடர வேண்டும்; அங்கே கை நுழையாது என்று விட்டுவிடுவது வழக்கம், மூட்டு உடைவதும் அதனால்தான். நெடுங்கம்பியின் ஒட்டு, தளத்துக்கு மேலேயே வராமல் தூணின் நடு உயரத்தில் வரட்டும்.

கலவையில் 50 கிலோ சிமென்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால், மணலின் ஈரமும் அதில் சேர்த்தி. வார்ப்பது எளிதாகட்டும் என்று மேலும் ஒரு வாளி ஊற்றுவதை அனுமதிக்காதீர்கள். ஏழு நாளாவது ஈரம் காயாமல் வையுங்கள்.

தரைத்தளத்தை வாகனம் நிறுத்த வெறும் தூண்களாக விட்டு, மேலே சுவர் அடைத்த மாடிகளை அடுக்குவது பலவீனமான கால் மேல் கனமான உடம்பு. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் இந்த வகை பல.

தூண் இல்லாமல் செங்கல், கல் சுவரில் கட்டுகிறோம். என்ன செய்ய வேண்டும்?

வீட்டைச் சுற்றிப் பெட்டிக்குக் கயிறு கட்டுவதுபோலக் கான்கிரீட் பட்டை: அடிமட்டம், லிண்டல் (கதவு, சன்னலுக்கு நேர் மேலே), கூரை மட்டங்களில். கனம் குறைந்தது 7.5 செ.மீ., இரண்டு நெடுங்கம்பி, 15 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கம்பி. மூலையில் கம்பி நறுக்கி நிற்காமல் வளைந்து அடுத்த சுவருக்குள் போக வேண்டும். மூலைதான் முதலில் பிரியும். சன்னலையும் கதவையும் மூலையிலிருந்து 60 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். கல் சுவரில், சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே ஓடும் நீளக் கல் 60 செ.மீ. உயரத்துக்கு ஒரு வரிசை, 1.2 மீட்டருக்கு ஒன்று. அது இல்லாததால் தடித்த சுவர் இரு தோலாகப் பிரிந்து சரிந்ததை 1993 செப்டம்பர் 30 நிலநடுக்கத்தில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதிக் கிராமங்கள் கண்டன.

2015-க்குப் பிறகு நேபாளத்தில் வீட்டு மானியத்தை மூன்று தவணையாகப் பிரித்து, முதல் தவணைக்குப் பிந்தியவற்றை அந்தந்தக் கட்டத்தை ஆய்வு செய்த பிறகே கொடுத்தார்கள். தாமதம் என்று பலர் குறை சொன்னாலும் நாங்கள் இதை ஆதரிக்கிறோம். பட்டைக் கம்பியைக் கான்கிரீட் மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாது.

தரை ஆடாதபோதும் ஆடுவதுபோல இருக்கிறது. குழந்தை படுக்கையை நனைக்கிறது.

இரண்டும் மிகச் சாதாரணம். காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பும் பதறிய மனமும் சேர்ந்து இந்தத் தலைச்சுற்றலைத் தருகின்றன. ஒரு குவளைத் தண்ணீரைக் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். நீர் அசையவில்லையென்றால் தரையும் அசையவில்லை. குழந்தையைத் திட்டாதீர்கள். பள்ளி, சாப்பாடு, தூக்க நேரம் பழையபடி ஒழுங்கானால் பெரும்பாலும் சரியாகும். ஒரு மாதம் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ திரும்பவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

நகர மையம் எப்போது திறக்கும்?

உயரமான கட்டடம் ஒன்று சாய்ந்து நின்றால், அது விழக்கூடிய தூரம் முழுவதையும் அடைத்துவிடுவார்கள். அதனால் ஒரு சிவப்பு அட்டை பத்துக் கடைகளை மூடும். கிறைஸ்ட்சர்ச்சில் மையப் பகுதித் தடுப்பு 2013 ஜூன் இறுதியில்தான் முழுதாக நீங்கியது, இரண்டு ஆண்டு நான்கு மாதம். ஆனால் அதுவரை காத்திருக்கவில்லை. 2011 அக்டோபரிலேயே கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி ஒரு கடைத்தெருவைத் திறந்தார்கள். கடை வைத்திருப்பவர்கள் தடுப்புக்குள் போய்க் கணக்குப் புத்தகமும் கணினியும் எடுத்துவர, அதிகாரிகளோடு குறைந்த நேர அனுமதியைக் கேட்டுப் பெறலாம். போகும்போது எடுக்க வேண்டியதை வரிசையாக எழுதி, அறை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போங்கள். உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள்தான்.